அப்பத்தட்டு அப்பாவைத் தாண்டிப் போனது
(தமிழ்நாட்டுச் சகோதரர் சபைகளின் மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்)

கர்த்தருக்குள் அன்பான மூப்பர்களுக்கு,

ஸ்தோத்திரம்.

நமக்குத் தலைமை அலுவலகம் இல்லை, பேராயர் இல்லை, செயலாளர் இல்லை. ஒவ்வொரு சபையும் கர்த்தருக்கு முன் தனித்தனி என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால் எந்த விலாசத்துக்கு எழுதுவது? அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல். சபையில் எழுந்து பேசலாமே என்று யாரும் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நான் ஒரு சகோதரி. முக்காடு போட்டு அமைதியாக உட்கார்ந்துதான் எனக்குப் பழக்கம். பேனாவுக்கு யாரும் முக்காடு போடச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அவருக்கு வயது 79. தென்காசிப் பக்கத்துக் கிராமம். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்குள்ள சபையில் ஐம்பது வருஷத்துக்கு மேல் கர்த்தருடைய பந்தியில், அதாவது அப்பம் பிட்கிற திருவிருந்தில், இருக்கிறார், அதில் பாதிக்கு மேல் மூப்பராக. ஆஸ்பத்திரியில் தேதி திடீரென்று கிடைத்தது. இரண்டு பையில் துணியை அடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டோம். ஆஸ்பத்திரி இருந்த ஊரின் பெயர் வேண்டாம். எந்த ஊராக இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு கண்ணில் கட்டு, கறுப்புக் கண்ணாடி, கையில் வேதாகமம். லாட்ஜ்காரரிடம் விசாரித்து ஆட்டோ பிடித்து, ஒன்பதரை மணி ஆராதனைக்கு ஒன்பது மணிக்கே போய் நின்றோம். வாசலில் ஒரு தம்பி. மிகவும் மரியாதையான பையன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"லெட்டர் கொண்டு வந்திருக்கீங்களா ஐயா?" இவர் எங்கள் பந்தியில் இருப்பவர் என்று சொந்தச் சபை மூப்பர்கள் எழுதிக் கொடுக்கிற அறிமுகக் கடிதத்தைத்தான் கேட்டான்.

"இல்லையே தம்பி. அவசரமா வந்துட்டோம். எங்க சபையில யார்ட்ட வேணும்னாலும் போன் போட்டுத் தாரேன், பேசுங்க."

தம்பி உள்ளே போய் ஒரு மூப்பரிடம் கேட்டுவிட்டு வந்தான். போனில் எப்படி நம்புவது என்று சொன்னார்களாம். பின் பெஞ்சில், மின்விசிறிக்கு நேர் கீழே, எங்களுக்கு இடம் போட்டுக் கொடுத்தான். உட்கார்ந்தோம்.

நம் ஆராதனையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் பின் பெஞ்சிலிருந்து பார்க்கிறபோது சில காரியங்கள் புதிதாய்த் தெரிகின்றன. நிகழ்ச்சி நிரல் கிடையாது. போதகர் கிடையாது. நடுவில் ஒரு மேஜை, வெள்ளைத் துணி, அதன் மேல் ஒரே ஒரு அப்பம், ஒரு பாத்திரம். யாராவது ஒரு சகோதரர் பாட்டு எண்ணைச் சொல்லும் வரை அமைதி. அந்த அமைதியில் பெஞ்சு முனகும், தொட்டிலில் குழந்தை சிணுங்கும், தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போவார். பிறகு ஒருவர் ஜெபிப்பார், இன்னொருவர் ஒரு சங்கீதத்தை வாசிப்பார். முன்கூட்டி யாரும் பேசி வைக்காமலே எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி வந்து சேரும். இருபது வயதில் இது எனக்கு சலிப்பாக இருந்தது. இப்போது இதை விட்டால் எனக்கு வேறு ஆராதனை தெரியாது; தெரிய வேண்டும் என்ற ஆசையும் இல்லை. நான் கோபித்துக்கொண்டு வெளியே போகிறவள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஸ்தோத்திரம் பண்ணி அப்பத்தைப் பிட்டார்கள். தட்டு வரிசை வரிசையாக வந்தது. எங்களுக்கு முந்திய பெஞ்சில் கடைசியாக இருந்தவர் எடுத்துக்கொண்டு, தட்டைத் திருப்பி முன்னால் கொடுத்துவிட்டார். அப்பா கையை லேசாக நீட்டியிருந்தார். ஐம்பது வருஷப் பழக்கம், கை தானாக நீண்டுவிட்டது. பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் அந்த மூப்பரே வந்து விசாரித்தார். ஆபரேஷன் எப்படி, எத்தனை நாள் தங்கல், சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்றெல்லாம் கேட்டார். வேண்டாம் என்று சொல்லியும் விடாமல் வீட்டுக்கு அழைத்துப் போனார். சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், அப்பாவுக்காகக் காரம் குறைத்து ஒரு மீன் குழம்பு. அந்த அம்மா பக்கத்தில் நின்று பரிமாறினார்கள். அவர்கள் அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சாப்பிடும்போது எனக்கு ஒன்று தொண்டையில் நின்றது. இந்தப் பந்தியில் உட்கார எங்களிடம் யாரும் லெட்டர் கேட்கவில்லை. இந்தப் பந்தி அவர்களுடையது. காலையில் லெட்டர் கேட்ட பந்தி கர்த்தருடையது.

கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவருக்கு இலை போடாமல் தாண்டிப் போனால், நம் ஊரில் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. உங்களுக்கே தெரியும்.

நான் வரலாறு படித்தவள் இல்லை. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு நேரம் கிடைத்ததால், நாம் எங்கிருந்து வந்தோம் என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். நம் கூட்டங்களில் இதை யாரும் பேசுவதில்லை. அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்திலிருந்து நேரே நம் ஊர் சபைக்குக் குதித்து வந்துவிட்டதைப் போலத்தான் பேசுகிறோம். நடுவில் ஆயிரத்து எண்ணூறு வருஷம் யாருமே இல்லை. ஆதித் திருச்சபைக்குத் திரும்புகிறோம் என்கிறவர்களுக்கு இது ஒரு வசதி. தாத்தா யார் என்று சொல்லாமலே இருந்துவிடலாம்.

சொல்கிறேன், கேளுங்கள். 1820களில் எட்வர்ட் க்ரோனின் என்று ஒரு வாலிபர், உடல்நலத்துக்காக அயர்லாந்தின் தென்பகுதியிலிருந்து டப்ளின் நகரத்துக்கு வந்தார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். ரோமன் கத்தோலிக்கத்திலிருந்து வந்த விசுவாசி. ஊருக்கு வந்த விருந்தாளியாக இருந்தவரை அங்கிருந்த சுயாதீன சபைகள் அவரைத் தங்கள் பந்தியில் சேர்த்துக்கொண்டன. டப்ளினிலேயே தங்கிவிடுகிறார் என்று தெரிந்ததும், ஏதாவது ஒரு சபையில் அங்கத்தினராகச் சேர்ந்தால்தான் இனி அப்பம் என்று சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துவின் சரீரத்தில் அங்கம் என்றால் போதாதா, தனியாக வேறொரு அங்கத்தினர் பதிவு எதற்கு என்று அவர் கேட்டார். பதிலுக்கு ஒரு சபையின் மேடையிலிருந்தே அவர் பெயரைச் சொல்லிக் கண்டித்தார்கள். அவர் ஒதுங்கினார். பிறகு அவரும் ஓரிரு நண்பர்களும் வீட்டிலேயே கூடி அப்பம் பிட்டார்கள். எக்ஸெடர் ஊரில் பல் மருத்துவராக இருந்து, ஊழியத்துக்காக டப்ளினில் இறையியல் படிக்க வந்துபோய்க்கொண்டிருந்த அந்தோணி நோரிஸ் க்ரோவ்ஸும் இதே முடிவுக்கு வந்திருந்தார்: விசுவாசிகள் கிறிஸ்துவின் சீஷர்களாகக் கூடினால் போதும், குருப்பட்டம் பெற்றவர் வந்து நிற்க வேண்டியதில்லை. 1830இல் டப்ளினில் ஆஞ்சியர் தெருவில் ஒரு ஏலக் கூடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். சனிக்கிழமை இரவு சாமான்களை ஓரமாகத் தள்ளி, மேஜையைப் போட்டு, அப்பமும் திராட்சரசமும் வைத்துத் தயார் செய்வார்களாம். அந்த மேஜை தள்ளிய சத்தத்திலிருந்துதான் நாம் வந்தோம்.

அங்கத்தினர் பதிவு இல்லாததால் பந்தியிலிருந்து தள்ளப்பட்ட ஒரு நோயாளியிடமிருந்து, ஐயா!

இன்னொன்று. க்ரோவ்ஸ் வெறும் அயர்லாந்துக் கதை இல்லை. பாக்தாதில் ஊழியம் செய்தபோது 1831இல் கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்தவர், 1833இல் இந்தியாவுக்கு வந்தார். அழைத்துக்கொண்டு வந்தவர் ஆர்தர் காட்டன். ஆம், கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை கட்டிய அதே காட்டன். திருநெல்வேலியில் மிஷனரியாக இருந்த ரேனியஸ் ஐயரிடம் படித்த அருளப்பன் என்ற வாலிபர் க்ரோவ்ஸுடன் சேர்ந்தார். பிறகு மிஷன் சம்பளம் எதுவும் வேண்டாம் என்று சொல்லி, கர்த்தரை மட்டும் நம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் ஒரு சபையைக் கட்டினார். 1860இல் அங்கிருந்து தெற்குச் சீமையெங்கும் பரவிய எழுப்புதலைப் பற்றி உங்களில் மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த எழுப்புதலில் பெண்களும் சத்தமாக ஜெபித்தார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அதைப் பற்றி இன்னொரு மடலில் பேசலாம். ஒரே மடலில் இரண்டு சண்டை வேண்டாம்.

க்ரோவ்ஸ் 1836இல் அந்த டப்ளின் வட்டாரத்தில் இருந்த தன் பழைய நண்பர் ஜான் நெல்சன் டார்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். நாம் ஜீவனைப் பார்த்துத்தான் ஒருவரை ஏற்றுக்கொண்டோம், நீங்களோ இப்போது வெளிச்சத்தை, அதாவது எவ்வளவு சரியாக அறிந்திருக்கிறார் என்பதை, அளந்து பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பது அதன் சாரம். இப்படியே போனால் நீங்கள் எதற்காக நிற்கிறீர்கள் என்பதை விட, எதை எதிர்த்து நிற்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் உங்களை ஊர் அறியும் என்றும் எச்சரித்தார். மற்றவர்களிடம் உள்ள நன்மையை விட்டுப் பிரிவதைவிட, அவர்களுடைய குறைகளைச் சகித்துக்கொள்வதே மேல் என்பது அவர் நிலை. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1848இல், டார்பி பிரிந்தே விட்டார். பிரிஸ்டல் நகரத்துப் பெதஸ்தா சபை, அனாதை இல்லங்களுக்குப் பெயர்போன ஜார்ஜ் முல்லர் இருந்த சபை, தவறான உபதேசமுள்ள ஒரு கூட்டத்திலிருந்து வந்த சிலரைச் சேர்த்துக்கொண்டதுதான் காரணம். பெதஸ்தாவிலிருந்து வருகிறவரைச் சேர்த்துக்கொள்கிற சபையும் தீட்டு. அந்தச் சபையிலிருந்து வருகிறவரைச் சேர்த்துக்கொள்கிற சபையும் தீட்டு. தீட்டு இப்படித்தான் பரவும் என்று அவர் வாதம். தீட்டு என்ற சொல் நம் ஊரில் எங்கெல்லாம் புழங்கியது என்பது எனக்கும் உங்களுக்கும் தெரியும். அதனால் அதை விரித்து எழுதவில்லை.

நாம் முல்லர் பக்கத்துப் பிள்ளைகள். திறந்த சகோதரர் என்று நம்மைச் சொல்லுவார்கள். டார்பியின் வழியில் போன மூடிய சபையார் அளவுக்கு நாம் கடுமையானவர்கள் இல்லை என்று பெருமையும் படுவோம். ஆனால் அந்த வாசலில் நின்ற தம்பிக்கு நாம் கற்றுக் கொடுத்திருப்பது யாருடைய கேள்வி?

க்ரோனின் கதை அத்தோடு முடியவில்லை. அவர் டார்பியோடு மூடிய பக்கம் போனவர். 1879இல், எண்பதை நெருங்கும் வயதில், ஐல் ஆஃப் வைட் தீவில் ரைட் என்ற ஊருக்குப் போயிருந்தார். அங்கே தங்கள் வட்டாரம் அங்கீகரிக்காத ஒரு சிறு கூட்டத்தோடு சேர்ந்து அப்பம் பிட்டார். அதற்காக லண்டனில் அவருடைய சொந்தச் சபையே அவரைப் பந்தியிலிருந்து விலக்கியது. அந்த நிலையிலேயே சில வருஷத்தில் இறந்தார். வாலிபத்தில் மற்ற சபையார் அவரைத் தள்ளினார்கள். முதுமையில் அவர் தொடங்கி வைத்தவர்களே தள்ளினார்கள். இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போய், வேலை ஒன்றும் இல்லாமலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

இனி உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். மந்தையைக் காக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. யார் வேண்டுமானாலும் வந்து தட்டில் கை வைக்கலாம் என்றால், கள்ள உபதேசக்காரனும் வருவான், ஒழுக்கக்கேட்டுக்காக ஒரு ஊரில் விலக்கப்பட்டவன் இன்னொரு ஊரில் வந்து பரிசுத்தவானாக உட்காருவான். இது வெறும் பயம் இல்லை, நடந்திருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். என் சிறு வயதில் எங்கள் சபைக்கு ஒருவர் வந்தார். கையில் அழகான லெட்டர். இரண்டு மூப்பர்கள் கையெழுத்து, சபை முத்திரை. மூன்று மாதத்தில் நாலு குடும்பத்தில் கடன் வாங்கிக்கொண்டு இரவோடு இரவாகப் போய்விட்டார். அந்த லெட்டர் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ரொம்ப நாள் கிடந்தது.

வேதத்தில் லெட்டர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ரோமர் பதினாறில் பெபேயாள் என்ற சகோதரிக்காகப் பவுல் ரோமச் சபைக்கு எழுதினார். அவளை ஏற்றுக்கொள்ளுங்கள், அவளுக்கு என்ன உதவி தேவையோ செய்யுங்கள் என்று எழுதினார். லெட்டர் இல்லாத பெபேயாளைப் பின்னால் உட்கார வையுங்கள் என்று எழுதவில்லை. அதே பவுல் கொரிந்தியருக்கு, உபசார நிருபம் எனக்கு வேண்டியதோ, எங்கள் நிருபம் நீங்கள்தானே என்று கேட்கிறார். அவர் கேட்டதில் அர்த்தம் உண்டு. ஏனென்றால் அவர் கையில் லெட்டர் இருந்த நாட்களும் உண்டு. தமஸ்குவுக்குப் போனபோது பிரதான ஆசாரியனிடம் பக்காவான நிருபங்களை வாங்கிக்கொண்டுதான் போனார், விசுவாசிகளைக் கட்டி இழுத்துவர. மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. எல்லாரும் பயந்தார்கள். பயப்பட நியாயமும் இருந்தது. பர்னபா என்ன செய்தார்? அவரைச் சேர்த்துக்கொண்டு, அப்போஸ்தலரிடம் கூட்டிப் போய், வழியில் நடந்ததைத் தன் வாயால் சொன்னார். அவ்வளவுதான். இன்றைக்கு அதன் பெயர் போன்.

அப்பத்தைப் பற்றிப் பவுல் எழுதின இடத்தில் சோதிக்கச் சொல்கிறார். யார் யாரை? ஒருவன் தன்னைத்தானே. வாசலில் நிற்கிறவர் வந்தவரைச் சோதிப்பது அந்த வசனத்தில் இல்லை. நான் தவறாக வாசித்திருந்தால் திருத்துங்கள். அடுத்த வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. லெட்டர் இல்லாமல் வருகிறவரோடு ஆராதனைக்கு முன்பு ஒரு மூப்பர் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசட்டும். எப்போது இரட்சிக்கப்பட்டீர்கள், ஆண்டவர் உங்களுக்கு யார் என்று கேட்கட்டும். சந்தேகம் இருந்தால் அவருடைய சபைக்குப் போன் போடட்டும். சந்தேகம் தீராவிட்டால் அப்போது பின் பெஞ்சு. இப்போது நடப்பது தலைகீழ்: முதலில் பின் பெஞ்சு, பேச்சு சாப்பாட்டு வேளையில். சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையிலிருந்தோ லுத்தரன் சபையிலிருந்தோ வருகிற மெய்யான விசுவாசிகள் விஷயத்தில் நான் க்ரோவ்ஸ் பக்கம்தான், சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன். அதில் உங்களில் பலர் உடன்பட மாட்டீர்கள் என்பதும் தெரியும். அது வரை போகாவிட்டாலும், முதல் படியையாவது ஏறலாமே.

சி.எஸ்.ஐ. என்றதும்தான் அப்பா சொன்னதை எழுத வேண்டியிருக்கிறது. எழுதச் சொல்லி அவரே அனுமதி கொடுத்தார்.

அன்று இரவு லாட்ஜில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். நான்தான் பொருமிக்கொண்டே இருந்தேன். அவர் பேசவில்லை. கொஞ்சம் கழித்து, "நம்ம ஊர் ஸ்கூலுக்கு ஒரு டீச்சர் மாத்தலாகி வந்தாங்களே, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருந்தது. நான் கல்லூரியில் படித்த சமயம். விதவை, சி.எஸ்.ஐ. அவர்கள் சபை பக்கத்து ஊரில். பஸ் வசதி கிடையாது. அதனால் நம் கூட்டத்துக்கு வந்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார்கள்.

"நான்தான் அந்தம்மாகிட்ட சொன்னேன். முழுக்கு எடுக்கலையே, பின்னால இருங்க, பார்க்கலாம்னு. அவங்க ஒண்ணும் சொல்லலை. மாத்தலாகிப் போற வரைக்கும் பின்னாலதான் இருந்தாங்க. பாட்டு மட்டும் நம்ம எல்லாரையும்விட நல்லாப் பாடுவாங்க."

மருந்து கன்னத்தில் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

"அங்கேருந்து பார்த்தா அப்பம் ரொம்பச் சின்னதாத் தெரியுது, பார்த்தியா," என்றார்.

அப்பா இன்னும் முழுக்கு ஞானஸ்நானத்தில் நம்பிக்கையுள்ளவர்தான். அந்த விஷயத்தில் என்னோடு வாதாடுவார். லெட்டர் முறை வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, அவர் சபையின் மற்ற மூப்பர்களிடம் உட்கார்ந்து ஒரு காரியம் பேசினார்: இனி வெளியூரிலிருந்து யார் வந்தாலும், லெட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கூட்டத்துக்கு முன் ஒருவர் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஒருவர் ஒத்துக்கொண்டார். ஒருவர் யோசிக்கிறேன் என்றார். ஒருவர் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் பேசவில்லை, இப்போது பேசுகிறார்.

அடுத்த மாதம் மறு கண்ணுக்கு அதே ஊருக்கு வருகிறோம். இந்த முறை லெட்டர் இருக்கிறது, "மகளும் உடன் வருகிறார்" என்று என்னையும் ஒரு வரியில் சேர்த்திருக்கிறார்கள். அதை வாசலில் நீட்டுவதா, அல்லது தம்பி கேட்கும் வரை பைக்குள்ளேயே வைத்திருப்பதா என்று அப்பா இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த டீச்சர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். சி.எஸ்.ஐ. திருமண்டலத்தில் வேலை பார்க்கும் என் தோழி ஒருத்தி விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள்,
பின் பெஞ்சில் இருந்த ஒரு சகோதரி